ஓநாய் பிணத்துல புரள்றது ஒளிஞ்சுக்கவா?

வண்டலூர்வாசி: அழுகின பிணத்துல ஓநாய் புரள்றது தன் வாடையை மறைச்சு இரையை ஏமாத்தத்தான்னு ஒருத்தர் இங்க அடிச்சு விட்டிருக்கார். அமெரிக்காவுல வேலிக்குள்ள ஓநாய் வளர்த்து ஆராயுற இண்டியானா உல்ஃப் பார்க்ல, ஆராய்ச்சியாளர் பேட் குட்மன் பார்த்துச் சொன்னது வேற. புது வாடை கிடைச்சா முகத்தையும் கழுத்தையும் அதுல தேய்ச்சுக்கும். கூட்டத்துக்குத் திரும்பினதும் மத்ததெல்லாம் மோந்து பார்க்கும். சில சமயம் அந்த வாடை வந்த இடத்தையே தேடிப் போகும். கூட்டத்துக்குச் சேதி கொண்டு வருது, அவ்வளவுதான்.

மயிலை மாறன்: அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லத் தைரியமில்லையா? வேட்டை மிருகம் வாடையை மறைக்காம எப்படி நெருங்கும்? வேலிக்குள்ள கறி போட்டு வளர்த்த ஓநாயைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க. 1947ல ஷெங்கல்னு ஒரு ஆராய்ச்சியாளர் அடைபட்ட ஓநாய்ங்களைப் பார்த்துத்தான், மோதி ஜெயிச்சதுதான் கூட்டத்துக்குத் தலைவன்ங்கிற 'ஆல்ஃபா' கதையைக் கிளப்பினார். காட்டுல கூட்டம்னா அப்பா, அம்மா, குட்டிங்கதான்னு 1999ல ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் எழுத வேண்டியதாப் போச்சு.

வண்டலூர்வாசி: ஷெங்கலுக்குப் பின்னாடி ஒளியாதீங்க சார். ஓநாய் பெரும்பாலும் துரத்திப் பிடிக்கிற மிருகம். ஓட ஆரம்பிச்சப்புறம் வாடையை மறைச்சு என்ன பிரயோசனம்? செண்ட், என்ஜின் ஆயில்லகூடப் புரளுது. செண்ட் பூசின ஓநாயை எந்த மான் சொந்தக்காரன்னு நினைக்கும்?

பெசன்ட் நகர் பீட்டர்: எங்க வீட்டு நாய் எலியட்ஸ் பீச்ல செத்த மீன்ல புரண்டுட்டுத்தான் வீட்டுக்கு வரும். அது எந்த மானைப் பிடிக்க?

மயிலை மாறன்: நாய் ஓநாய் இல்ல. மறைக்கத்தான் புரளுது.

தாம்பரம் தேவி: அடைபட்ட மிருகம்னு தள்ளாதீங்க. கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போயிட்டு வந்த பசங்கதான் எங்க தெருவுல சாரைப்பாம்பை அடிக்க விடாம மறிச்சாங்க. ஓநாய்னாலே கல்லெடுக்கிற ஊருக்கும், தன் இனத்து மேல இருக்கிற பயத்தைப் போக்க, அப்படி வேலிக்குள்ள ஒரு ஓநாய்த் தூதர் வேணும்.

மயிலை மாறன்: பாம்பு வேற. ஓநாய் நாள்பூரா ஓடி, எல்லையில மூத்திரம் விட்டுக் குறி வைக்கிற மிருகம். வேலிக்குள்ள யாருக்குங்க குறி வைக்கும்? அதுக்குப் பேர் தூதரா, கைதியா?

வண்டலூர்வாசி: நல்லா மாட்டினீங்க. அமெரிக்காவுல மின்னசோட்டா காட்டுல பீட்டர்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளரும் நீங்க சொன்ன அதே மெக்கும் பனியில தடம் பிடிச்சு 1975ல எழுதினாங்க: எல்லையோரத்துல குறி நடுவுல இருக்கிறதைவிட ரெண்டு மடங்கு. நீங்க கேட்ட காட்டு ஓநாயேதான்! வாடையை வச்சுப் பேசுற மிருகம் அதை ஏன் மறைக்கணும்?

மயிலை மாறன்: மூத்திரம் வேற, புரள்றது வேற. ரெண்டையும் குழப்புறது உங்க பழைய வித்தை.

வண்டலூர்வாசி: கிண்டி நரி இழையிலயும் இப்படித்தான் பாதியில ஓடினீங்க.

மயிலை மாறன்: ஓடல, இழையைப் பூட்டிட்டாங்க. யார் சொல்லிப் பூட்டினாங்கன்னு எனக்குத் தெரியும்.

தாம்பரம் தேவி: தூதர் பத்தி யாராவது பேசுவீங்களா?

வண்டலூர்வாசி: மொதல்ல அவர் செண்டுக்குப் பதில் சொல்லட்டும்மா.

மயிலை மாறன்: மறைக்கத்தான். எத்தனை தடவை சொல்றது?