சவூதி இறங்கியது, அமீரகம் ஏறியது: ஊருக்குப் போகும் பணத்தை வைத்து என்ன சொல்ல முடியும்?

தேரா கணக்கர்:
சவூதிக்கு வேலைக்குப் போகலாமா என்று கேட்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். அங்குள்ள வெளிநாட்டவர் 2015-இல் ஊருக்கு அனுப்பியது சுமார் 15,700 கோடி ரியால். 2019-இல் அது 12,500 கோடி. அமீரகமோ 2016-இல் 16,000 கோடி திர்ஹமைத் தாண்டி, 2018-இல் சுமார் 16,900 கோடிக்குப் போய்விட்டது. இரண்டு நாணயமும் டாலரோடு கட்டப்பட்டவை, அதனால் மாற்று மதிப்பைக் காரணம் சொல்ல வழியில்லை. மக்கள்தொகையில் சவூதியின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் அமீரகம். இனி சம்பாதிக்கிற இடம் எது என்று இதற்கு மேலும் சொல்ல வேண்டுமா?

பத்ஹா தமிழன்:
அண்ணே, நீங்கள் சொல்வது மொத்தத் தொகை. தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள். 2014 நடுவில் எண்ணெய் விலை சரிந்தது, கட்டுமான வேலைகள் நின்றன. 2018-இல் வெளிநாட்டு ஊழியர் ஒவ்வொருவருக்கும் கம்பெனி மாதம் 300, 400 ரியால் கட்டணம் கட்ட வேண்டி வந்தது. 2020-இல் அதுவே 700, 800. கூட்டம் கூட்டமாக ஆட்களை வேலையை விட்டு ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு ரூமில் பத்துப் பேரில் மூன்று பேர் எக்சிட் விசாவில் ஊருக்கே போய்விட்டால், மீதி ஏழு பேரின் சம்பளம் குறைந்துவிட்டது என்று ஆகுமா?

தேரா கணக்கர்:
ஆகாதுதான். ஆனால் வேலை தேடிப் போகிறவனுக்கு அந்த மூன்று பேர் கதைதானே முக்கியம்?

பத்ஹா தமிழன்:
சரி, அப்படியானால் 2021-ஐப் பாருங்கள். கொரோனா நேரம். புதிய ஆட்கள் வரவே முடியவில்லை. அப்போதும் தொகை 15,400 கோடி ரியாலை ஒட்டி ஏறியது. விமானம் இல்லாததால் லீவில் போகிறவர் கையில் பணமோ நகையோ கொடுத்துவிட முடியவில்லை, வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியலும் முடங்கியது. எல்லோரும் எக்ஸ்சேஞ்ச் கவுன்டருக்கும் செல்போன் ஆப்புக்கும் வந்தார்கள். நான் வழக்கமாகப் போகும் கவுன்டரில் வரிசை படி இறங்கித் தெருவுக்கு வந்தது. இந்தப் புள்ளிவிவரம் எண்ணுவது கவுன்டர் வழியாகப் போன பணத்தை மட்டும்தான். சம்பாதித்ததை அல்ல.

முத்துப்பேட்டை சகோதரி:
இருவருமே குடும்பங்களை மறந்துவிட்டீர்கள். 2017 ஜூலையில் சவூதியில் குடும்ப உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. வருடா வருடம் நூறு நூறாக ஏற்றி 2020-இல் 400 ஆக்கினார்கள். நானும் இரண்டு பிள்ளைகளும் தம்மாமில் இருந்தோம். 2018 ஜூலைக்குப் பிறகு எங்கள் மூவருக்கும் மாதம் 600, வருடத்துக்கு 7,200. இக்காமா என்னும் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது மொத்தமாகக் கட்ட வேண்டும். கட்ட முடியாமல் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்கு வந்தோம்.

அதுவரை என் கணவர் மாமியாருக்கு மாதம் 500 ரியால் அனுப்புவார். அப்புறம் 3,000. உங்கள் கணக்கில் இது ஆறு மடங்கு உயர்வு. எங்கள் வீட்டில் ஒரு ரியால்கூடக் கூடவில்லை. அங்கே வாடகைக்கும் பள்ளிக்கும் கொடுத்தது இங்கே வந்தது, அவ்வளவுதான். அவர் தனியாக பேச்சிலர் ரூமில்.

தேரா கணக்கர்:
சகோதரி, இதை நான் யோசிக்கவில்லை. ஏறினால் நல்லது என்று நினைத்தது தவறு. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ரிசர்வ் வங்கி ஆய்வின்படி இந்தியாவுக்கு வந்த பணத்தில் சவூதியின் பங்கு 2016-17-இல் 11.6 சதவீதம், 2020-21-இல் 5.1. பாதிக்கும் கீழே. அமீரகம் 26.9-இலிருந்து 18.

பத்ஹா தமிழன்:
அமீரகமும் இறங்கியிருக்கிறதே அண்ணே. 23.4 சதவீதத்தோடு அமெரிக்கா முதலிடத்துக்கு வந்தது, வளைகுடா நாடுகளின் பங்கு சுருங்கியது. சவூதியில் நம் ஆட்கள் குறைந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே சம்பாதிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அமீரகத்தில் நீண்ட காலம் தங்க விடும் கோல்டன் விசா 2019 முதல் இருக்கிறது. அங்கேயே வீடு வாங்கிக் குடியேறுகிறவர் ஊருக்கு அனுப்புவதைக் குறைப்பார். அப்போது அங்கே வருமானம் போய்விட்டது என்று சொல்வோமா?

கடையநல்லூர்த் தம்பி:
எனக்குச் சவூதியின் ஜுபைலில் மாதம் 2,200 ரியால் சம்பளத்துக்கு விசா வந்திருக்கிறது. போகலாமா, வேண்டாமா?

பத்ஹா தமிழன்:
தம்பி, தங்கும் இடமும் சாப்பாடும் கம்பெனி தருகிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். இக்காமா செலவும் ஊழியர் கட்டணமும் சட்டப்படி கம்பெனிதான் கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடிப்போம் என்று ஏஜென்ட் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

முத்துப்பேட்டை சகோதரி:
கல்யாணம் ஆகிவிட்டதா தம்பி? ஆகியிருந்தால் குடும்பத்தைக் கூட்டிப் போகும் கணக்கையும் இப்போதே போட்டுப் பாருங்கள்.