அறிக்கையில் ‘எம்’ என்று மட்டும் வந்திருக்கிறது. என் பூட்டி பர்மாக்காரரா?

பெகு_பேத்தி:

வணக்கம். என் அம்மாச்சி பிறந்தது பர்மாவில், பெகு பக்கம். 1942-இல் எல்லோரும் ஓடி வந்தபோது அவருடைய அப்பா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்து, திமாப்பூரில் ரயிலேறி சிவகங்கைக்கு வந்து சேர்ந்தார். அம்மாச்சியின் அம்மா, அதாவது என் பூட்டி, வரவில்லை. ஏன் வரவில்லை என்று வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

பூட்டியின் போட்டோ ஒன்றே ஒன்று இருக்கிறது. கன்னத்தில் தனாக்கா என்ற பர்மிய மரப்பட்டைப் பூச்சு, உச்சிக்கொண்டை, இடுப்பில் லுங்கி. “எங்கம்மா பர்மாக்காரி” என்று அம்மாச்சி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். “அரிசி மில்லில் வேலை பார்த்த ராமநாதபுரத்துக்காரர் மகள் அவர். அங்கேயே வளர்ந்ததால் அந்த ஊர் உடுப்பு, அவ்வளவுதான்” என்பார். வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தாலே இந்தச் சண்டையும் வந்துவிடும்.

அதனால்தான் எச்சில் கொடுத்து டிஎன்ஏ பரிசோதனை செய்தேன். ‘தாய்வழி ஹாப்லோகுரூப்: எம்’ என்று வந்திருக்கிறது. ஹாப்லோகுரூப் என்றால் ஒரே பழங்கால மூதாதையிடமிருந்து கிளைத்த வம்சக் கிளையாம். கூடவே ஒரு வரைபடம்: கிழக்கு ஆப்பிரிக்காவில் கிளம்பும் அம்பு இந்தியாவில் வந்து நிற்கிறது. வேறொரு பக்கத்தில் ‘தென்கிழக்கு ஆசியா 9 சதவீதம்’ என்றும் இருக்கிறது, மீதியெல்லாம் இந்தியா. மாமா வரைபடத்தைப் பார்த்துவிட்டு “பார்த்தியா, இந்தியாதானே” என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், யார் சொல்வது சரி?

தென்பாண்டி:

சகோதரி, எம் என்றால் எம்130தானே. உசிலம்பட்டி பக்கத்தில் கண்டுபிடித்தார்களே, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் மக்களின் அடையாளம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பிச்சப்பன் ஐயா ஆய்வு செய்தது. அப்படியானால் உங்கள் பூட்டி அசல் தமிழச்சி. மாமா சொல்வதுதான் சரி.

ஆய்வகத்தில்_இருந்தவன்:

தென்பாண்டி தம்பி, நீங்கள் சொல்லும் ஆய்வு உண்மை. ஆனால் இது வேறு எம். எம்130 என்பது ஒய் குரோமோசோமில் இருக்கும் ஒரு குறி. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். இந்தம்மாவிடம் ஒய் குரோமோசோமே கிடையாது. இவர் அறிக்கையில் இருக்கும் எம், மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) டிஎன்ஏவின் ஒரு பெரிய கிளை. அது அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிறது. மகனுக்கும் வரும், ஆனால் அவனோடு நின்றுவிடும். மகள் மட்டுமே அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பாள்.

அம்மா, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் பல வருடம் ஓர் ஆய்வகத்தில் ஜெல் ஓட்டியவன். முழு வரிசையையும் படிக்கும் வசதி எளிதில் கிடைக்காத காலத்தில் எம் கிளையை எப்படிக் கண்டுபிடிப்போம் தெரியுமா? மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மொத்தம் 16,569 எழுத்து. அதில் 10400-ஆவது இடத்தில் சி (C) என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் டி (T) வந்தால், ‘ஆலு1’ என்ற நொதி வெட்டுவதற்கு அங்கே ஓர் இடம் உருவாகிவிடும். அந்தத் துண்டை மட்டும் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கி, நொதியைப் போட்டு 37 டிகிரியில் வைத்துவிட்டு, பிறகு துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் ஓட்டுவோம். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் போட்டால் ஆரஞ்சு நிறத்தில் பட்டைகள் தெரியும். பட்டை வெட்டுப்படாமல் முழுசாக நின்றால் எம் இல்லை, உடைந்து கீழே இறங்கியிருந்தால் எம். இந்தியச் சாம்பிள்களில் பாதிக்கு மேல் உடைந்துதான் வரும். ஏறக்குறைய 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தெற்கே போகப் போக இன்னும் கூடும்.

மாமா இதைத்தான் பிடித்துக்கொள்கிறார். ஆனால் அதே நொதி ஜப்பான்காரர் சாம்பிளையும் வெட்டும், அந்தமான் ஓங்கே பழங்குடியினர் சாம்பிளையும் வெட்டும், பப்புவா நியூகினிக்காரர் பலருடையதையும் வெட்டும். ஆப்பிரிக்காவின் எல்3 கிளையிலிருந்து ‘எம்’ (M), ‘என்’ (N) என்று இரண்டு கிளைகள் பிரிந்தன. 50,000, 60,000 ஆண்டுக்கு முந்தைய சங்கதி. ஆசியாவுக்குள் பரவிய வேகத்தில் எம் அங்கங்கே தனித்தனிக் கிளைகளாக உடைந்துபோனது. எம்2, எம்3 எல்லாம் இந்தியக் கிளைகள். எம்2 இங்குள்ளதிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. எம்31, எம்32 அந்தமான் கிளைகள். 2005-இல் ஹைதராபாத்தின் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம்) சேர்ந்த தங்கராஜும் லால்ஜி சிங்கும் அவற்றை விவரித்தார்கள். எம்7 கிழக்காசியா. கியூ என்பது நியூகினி. சி (C), டி (D) என்ற கிளைகள் இரண்டும் சைபீரியா வழியாக அமெரிக்காவுக்கே போய்விட்டன. பெயரில் எம் இல்லாவிட்டாலும் அவையும் எம்மின் மகள்கள்தான்.

எனக்கு இதில் இன்னும் வியப்பு தீராத ஒரு விஷயம் உண்டு. இன்றைய ஐரோப்பாவின் பூர்வீகக் கிளைகளில் எம் கிடையாது. அங்கே அது எப்போதுமே இருந்ததில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்தோம். 2016-இல் பனியுகத்து எலும்புகளைப் படித்தபோது, பெல்ஜியத்திலும் பிரான்சிலும் கிடைத்த மூன்று பேரிடம் எம் இருந்தது. ஏறக்குறைய 28,000 முதல் 35,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள். பிறகு வந்த கடுங்குளிரில் அந்தத் தாய்வழியே அங்கே அற்றுப்போனது. ஒரு கிளை இன்று எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அது எங்கெல்லாம் இருந்தது என்று சொல்ல முடியாது. அதனால் உங்கள் அறிக்கையின் அம்பை நம்பாதீர்கள். இந்தியாவில் அம்பு நின்றால் பயணம் அங்கே முடிந்தது என்று அர்த்தமில்லை, படம் போட்டவர் அங்கே நிறுத்தினார், அவ்வளவுதான்.

ஆக, வெறும் எம் உங்கள் வீட்டுச் சண்டையைத் தீர்க்காது. பர்மாவிலும் எம் ஏராளம். ஒன்று மட்டும் சொல்லலாம்: சி, டி, ஜி போன்ற கிளையாக இருந்தால் அந்த எழுத்தே வந்திருக்கும். அவை இல்லை.

அந்த 9 சதவீதத்தைக் கவனியுங்கள். அது தாய்வழியை மட்டுமல்ல, எல்லா முன்னோரையும் சேர்த்துக் கணக்கிடுவது. பூட்டி முழு பர்மாக்காரர் என்றால் உங்களுக்குச் சராசரியாக 12.5 சதவீதம் வர வேண்டும், பாதி என்றால் 6.25. தலைமுறைக்குத் தலைமுறை ஏறும், இறங்கும். 9 என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வேறு கிளையில் அந்தப் பக்கத்து முன்னோர் யாரும் இல்லையென்றால், அம்மாச்சி சொன்னதில் உண்மை இருக்கிறது. மாமா சொன்னதிலும் பாதி இருக்கலாம், பூட்டியைப் பெற்றவர்களில் ஒருவர் ராமநாதபுரத்துக்காரராக இருந்திருக்கலாம். பூட்டியின் அம்மா யார் என்பதுதான் இப்போது கேள்வி. அதற்கு மட்டும்தான் மைட்டோகாண்ட்ரியா பதில் சொல்லும்.

உங்கள் மூலத் தரவுக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் எம்டி என்று குறித்த வரிகளில் 1780, 9824 இரண்டு இடங்களிலும் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். மற்ற எண்களைப் பொதுவெளியில் போட வேண்டாம்.

மோரே_கடை:

அக்கா, நான் மணிப்பூர் மோரேக்காரன். எங்கள் தாத்தா 1960-களில் பர்மாவை விட்டு வந்தவர். திரும்பிப் போகப் பார்த்து, முடியாமல் எல்லையிலேயே தங்கிவிட்டார். இங்கே அங்காளபரமேஸ்வரி கோயிலைச் சுற்றி உங்கள் கதை போலப் பல வீடுகள் உண்டு. ஒன்று சொல்லவா? பெகு மோன் ராஜாக்களின் பழைய தலைநகரம். அந்தப் பக்கம் மோன், கரேன் இனத்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். நம் ஆட்கள் எல்லாரையும் ‘பர்மாக்காரி’ என்றுதான் சொல்வார்கள். போட்டோவின் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்தக்கால ஸ்டுடியோ முத்திரை இருந்தால் ஊராவது தெரியும்.

பெகு_பேத்தி:

சார், கோப்பைத் திறந்து பார்த்தேன். 10400-இல் டி இருக்கிறது, நீங்கள் சொன்னபடியே. 1780-இல் டி, 9824-இலும் டி. தம்பி, போட்டோ சட்டத்துக்குள் ஒட்டிக்கிடக்கிறது, பிரிக்கப் பயமாக இருக்கிறது. தெரிந்த ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்கிறேன்.

தென்பாண்டி அண்ணா ‘அசல் தமிழச்சி’ என்று நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அம்மாச்சி அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வாழ்நாள் முழுக்க அடுப்படியில் அழுதார். அவருடைய அம்மா மோனோ, கரேனோ, யாராக இருந்தாலும் அந்தப் பெயரை எழுதி வைக்க வேண்டும், அதுதான் என் ஆசை.

தென்பாண்டி:

மன்னிக்கணும்மா. அதை யோசிக்கவில்லை.

ஆய்வகத்தில்_இருந்தவன்:

1780-இல் சி இருந்திருந்தால் எம்2, அதாவது இந்தியக் கிளை என்று இப்போதே சொல்லியிருப்பேன். 9824-இல் சி இருந்திருந்தால் எம்7, கிழக்குப் பக்கம். இரண்டும் இல்லை. உங்கள் பரிசோதனை குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் தொட்டுப் பார்த்தது. உங்கள் கிளையின் குறி அவற்றுக்கு வெளியே இருக்கிறது, அதனால் ‘எம்’ என்று எழுதி நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் இப்படி நடப்பது சாதாரணம். பர்மாவிலும் அப்படியே. 2014-இல் வந்த ஓர் ஆய்வில் பமா மக்களிடம் (பர்மாவின் பெரும்பான்மை இனம்) தாய்வழிக் கிளைகள் மிகப் பலவகையாகவும், கரேன் மக்களிடம் குறைவாகவும் இருந்தன. அவற்றில் எம்மின் கிளைகள் பல.

இனி முழு மைட்டோகாண்ட்ரியா வரிசை எடுப்பதுதான் வழி. ஆய்வகத்தில் கேட்கும்போது முடிவை வெறும் எழுத்தாகத் தரக் கூடாது, 16,569 எழுத்தும் உள்ள கோப்பு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிளைப்பட்டியல் பின்னால் மாறினாலும் வரிசை மாறாது. இன்று பெயரில்லாத கிளைக்கு நாளை பெயர் வரலாம். மோன், கரேன் சாம்பிள்கள் பெருகும்போது ஒப்பிட்டுக்கொள்ளவும் முடியும்.

இன்னொன்று. சாம்பிள் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் அம்மா, சித்தி, மாமா எல்லாரிடமும் பூட்டியின் அதே வரிசைதான் இருக்கிறது. ஓரெழுத்து மாறினால் அதிகம். பெரிய மாமாவையே எச்சில் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் வெற்றிலை, காபி எதுவும் வேண்டாம்.