பிராக்மாட்டிசம் என்றால் ‘காரியம் நடந்தால் சரி’ என்பதுதானா?

கேள்வி:
எங்கள் குழுவில் எந்தப் பிரச்சினையைப் பேசினாலும் ஒருவர் "பிராக்டிகலா யோசிங்க" என்று சொல்லி எல்லார் வாயையும் அடைத்துவிடுகிறார். கேட்டால் பிராக்மாட்டிச தத்துவமே அதுதானாம். நிஜமாகவே அப்படியா? பத்துப் பேர் கூடி முடிவெடுக்க இந்தத் தத்துவம் ஏதாவது உதவுமா?

பதில் 1:
உங்கள் நண்பர் பாதியோடு நிறுத்திவிட்டார். ஒரு கருத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டுமானால் அதனால் நடைமுறையில் என்னென்ன விளைவு வரும் என்று பாருங்கள் என்றார் பிராக்மாட்டிசத்தைத் தொடங்கிவைத்த அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் பர்ஸ், 1878-இல். யோசிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு பேர் மல்லுக்கு நிற்கும்போது "நீங்கள் சொல்வது சரியென்றால் அடுத்த மாதம் எது மாறியிருக்கும்?" என்று இருவரையும் கேளுங்கள். ஒரே பதில் வந்தால் சண்டைக்கே வேலையில்லை. வேறு வேறு பதில் வந்தால் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பதில் 2:
சரி, பலன் கிடைத்தது என்று தீர்ப்பு சொல்வது யார்? தலைவருக்கு வசதியாக இருந்தால் போதுமா?

பதில் 3:
போதாது. செருப்பு எங்கே கடிக்கிறது என்பது போட்டிருப்பவருக்குத்தான் தெரியும், சரிசெய்யும் வழி தைப்பவருக்கு நன்றாகத் தெரிந்தாலும், என்று இன்னொரு பிராக்மாட்டிசவாதியான ஜான் டூயி 1927-இல் எழுதினார். இதைச் செய்து காட்டியவர் அவருடைய தோழி ஜேன் ஆடம்ஸ். சிகாகோவில் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் 1889-இல் ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தைத் தொடங்கியவர். அங்கே குப்பை அள்ளாமல் கிடந்தபோது "இந்த ஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் சுலபம். ஹல் ஹவுஸ் பெண்களோ சந்து சந்தாகப் போய்ப் பார்த்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிமீறல்களை நகர சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார்கள். 1895-இல் ஆடம்ஸே அந்த வார்டின் குப்பை ஆய்வாளர் ஆனார், அப்புறம் காலையிலேயே எழுந்து குப்பை வண்டிக்குப் பின்னால் கிடங்கு வரை போவதும் அவர் வேலையாயிற்று (தத்துவப் பேராசிரியர்கள் எத்தனை பேர் இதைச் செய்வார்களோ).

பதில் 2:
நல்ல கதைதான். ஆனால் பேசித் தீர்த்தால் நஷ்டம் என்று நினைப்பவர் பேச ஏன் வரப்போகிறார்? அமெரிக்க இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபர் 1932-லேயே டூயியை இந்த இடத்தில்தான் பிடித்தார். தடையாக இருப்பது அறியாமை மட்டுமில்லை, சுயநலமும் அதிகாரமும்தான் என்றார்.

கேட்டவர்:
எங்கள் ஆளுக்கு அதிகாரமெல்லாம் கிடையாது, குரல்தான் பெரிது. அடுத்த முடிவு எடுக்கும்போதே, எது நடந்தால் அது தவறிவிட்டது என்று எல்லாரும் ஒப்புக்கொள்வோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறேன். அவரும் கையெழுத்துப் போடட்டும்.