கசப்பும் மாம்பழமும் கலந்த, போதை கம்மியான காக்டெயில்: அளவு சொல்லுங்க

பர்கூர்:
இப்போதைய அளவு: காம்பாரி (கசப்பான இத்தாலிய மது) 45 மில்லி, அல்போன்சா மாம்பழக் கூழ் 60 மில்லி, மேலே சோடா. கசப்பு அடிபட்டுப் போய் இனிப்புதான் நிக்குது. சோடா ஊத்தின உடனே நுரை பொங்கி வழியுது, அப்புறம் கேஸே இல்ல. ஆல்கஹால் 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும். எதை மாத்தணும்?

காவேரிப்பட்டணம்:
முதல்ல பழத்தை மாத்துங்க. இனிப்பு ஏற ஏற நாக்குல கசப்பு அமுங்கிடும். அல்போன்சா இதுக்கு ஆகாது. நம்ம பெங்களூரா, அதான் கிளிமூக்கு, இனிப்பு கம்மி, லேசா புளிப்பு. கசப்புக்கு இடம் விடும். டின் கூழ்னா சர்க்கரை சேர்த்திருக்கான்னு லேபிளைப் பாருங்க.

நுரைக்குக் காரணம் கூழோட நாரும் துகளும். சோடா கேஸ் அதுல ஒட்டித்தான் குமிழா கிளம்புது; பழத்துல இருக்கிற பெக்டின்ங்கிற பசைப்பொருள் அந்தக் குமிழை உடையவிடாம பிடிச்சுக்குது. அதனால கூழும் தண்ணியும் சமமா கலந்து, ரெண்டா மடிச்ச வேட்டித் துணியில கட்டி, ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வடியவிடுங்க. அவசரப்பட்டுப் பிழிஞ்சா நார் திரும்ப இறங்கிடும்.

ஒரு கிளாஸுக்கு காம்பாரி 20, ஸ்வீட் வெர்மூத் (மூலிகை சேர்த்த இனிப்பு ஒயின்) 30, வடிச்ச சாறு 40, எலுமிச்சைச் சாறு 10, சோடா 80 மில்லி. ஆல்கஹால் காம்பாரியில 25 சதவீதம், வெர்மூத்துல 16னு வெச்சா சுத்த ஆல்கஹால் 9.8 மில்லி. ஐஸ் கரைஞ்சு மொத்தம் 200 ஆகும்போது 4.9 சதவீதம். பாட்டில்ல வேற அளவு போட்டிருந்தா அதை வெச்சுக் கணக்குப் போடுங்க.

சோடா கடைசியில, நல்லா குளிர்ந்து, கிளாஸைச் சாய்ச்சு ஓரமா. அப்புறம் ஸ்பூனை அடிவரை விட்டு ஒரே ஒரு தடவை தூக்குங்க, போதும். கிளாஸ் விளிம்புல உப்பு வேண்டாம், அதுவும் கசப்பைக் குறைக்கும்.

ஓசூர்:
காம்பாரி கிடைக்கலன்னா வெள்ளை ஒயின் 75 மில்லி, டானிக் வாட்டர் 75, மேலே சொன்ன சாறு 40, எலுமிச்சை 5. ஒயின் 12 சதவீதம்னா 9 மில்லி ஆல்கஹால்தான். டானிக்ல க்வினைன் கசப்பு இருக்கு, சர்க்கரையும் இருக்கு, அதனால தனியா இனிப்பு சேர்க்காதீங்க. இன்னும் கசக்கணும்னா 100 மில்லி ஒயினுக்கு 5 கிராம் நார்த்தங்காய்த் தோல், உள்ளே இருக்கிற வெள்ளையோட, 2 மணி நேரம் ஊறட்டும். அரை மணிக்கு ஒருதரம் ருசி பாருங்க. அதிகம் ஊறினா தொண்டையில ஒட்டுற கசப்பு வந்துடும், அதை எதுவும் சரிபண்ணாது. காம்பாரியைப் பெங்களூர்ல வாங்கி, கர்நாடக எல்லையான அத்திப்பள்ளி தாண்டித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர நினைக்காதீங்க, மதுவிலக்குச் சட்டத்துல வழக்கு ஆகும்.

பர்கூர்:
எலுமிச்சைக்குப் பதிலா புளிப்பு மாங்காய்ச் சாறு போடலாமா?

காவேரிப்பட்டணம்:
போடலாம். ஆனா புளிப்பு கம்மி, 20 மில்லி வேணும். கூடுற 10 மில்லிக்குச் சோடாவைக் குறைச்சுக்குங்க. இதையும் வடிக்கணும், இல்லன்னா பழைய நுரைதான்.

தருமபுரி:
5 சதவீதம்னு அலட்சியம் வேண்டாம். 9.8 மில்லி ஆல்கஹால் சுமார் 8 கிராம். 70 கிலோ ஆண் ரெண்டு கிளாஸை வேகமா குடிச்சா ரத்தத்துல 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்ங்கிற, வண்டி ஓட்டுறவங்களுக்கான சட்ட வரம்பைத் தாண்டலாம். எடை குறைவுன்னா இன்னும் சீக்கிரம். வண்டி எடுக்கிறவங்களுக்கு காம்பாரி, வெர்மூத் இல்லாம டானிக், சாறு, எலுமிச்சை மட்டும் கலந்து கொடுங்க; கசப்பு அதுலயும் இருக்கும்.