ஆலைக்குப் போன பெண்களுக்கு ஏன் பிள்ளைகள் குறைவு?

களுவாஞ்சிகுடி மாணவி:
வணக்கம். சமூகவியல் கட்டுரை ஒன்று எழுதுகிறேன். 1911 பிரித்தானியக் குடிசன மதிப்பில், கல்யாணமான பெண்கள் எத்தனை பிள்ளை பெற்றார்கள், அதில் எத்தனை உயிரோடு என்று கேட்டிருக்கிறார்கள். சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் பிள்ளைகள் அதிகம், துணி ஆலைத் தொழிலாளர் வீடுகளில் குறைவு. இரண்டும் உழைக்கிற சனம்தானே? பெண் சம்பாதித்தால் பிள்ளை குறையும் என்று ஒரே வரியில் முடிக்க மனம் வரவில்லை. அருவி வெட்ட, அதாவது நெல் அறுக்க, கூலிக்குப் போன என் பெரியம்மாவுக்கு ஒன்பது பிள்ளைகள்.

அக்கரைப்பற்று ஆசிரியர்:
மகள், சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்கக் கூடாது என்று 1842இல் சட்டம் வந்துவிட்டது. வட இங்கிலாந்தில் டர்ஹம் பக்கத்துச் சுரங்க ஊர்களில் பெண்ணுக்கு வேறு கூலி வேலையும் அரிது, கல்யாணமும் இள வயதிலேயே நடந்துவிடும், ஆண்பிள்ளை வளர்ந்தால் அவனும் சுரங்கத்தில் இறங்கிக் காசு கொண்டுவருவான். அதே இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியின் பர்ன்லி, பிளாக்பர்ன் போன்ற நெசவு ஊர்கள் வேறு மாதிரி. அங்கே கல்யாணத்துக்குப் பிறகும் பலர் தறியை விடவில்லை, நெய்த துணிக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. பிரசவத்துக்குப் பிறகு 4 கிழமை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1891 சட்டம் சொன்னது, ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடு என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டு வருமானத்தில் பாதி நின்றுபோனால் யோசிக்கத்தானே செய்வார்கள்.

மருதமுனை ராத்தா:
தங்கச்சி, வேலை எங்கே நடக்கிறது என்று பாருங்கள். எங்கள் உம்மா வீட்டுத் தறியில் நெய்தவ. ஏணைக் கயிற்றைத் தறியின் மிதியில் கட்டியிருப்பா, மிதிக்க மிதிக்கப் பிள்ளையும் ஆடி ஆடித் தூங்கும். நாங்கள் ஏழு பேர். எட்டு வயதில் நான் நூல் சுற்றினேன், எனக்குப் பின்னால் தம்பி. பிள்ளை கூடினால் உம்மாவுக்குக் கை கூடியது. அவ சம்பாதிக்கவில்லை என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

செங்கலடி:
நான் கார்மென்ட்ஸில் மெஷின் ஓட்டுகிறேன், விடிய ஐந்தரைக்கு பஸ் வந்துவிடும். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தானே எழுதுவது, அதனால் அம்மா என்னோடுதான், மூத்தவனை அவதான் வளர்த்தா. இரண்டாவது பிறந்தபோது அம்மாவுக்கு முழங்கால் ஏலாமல் போய்விட்டது. மூன்றாவது வேண்டாம் என்று நானும் அவரும் முடிவெடுத்தோம். சம்பளம் எல்லாம் பிறகு, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறுவது? கட்டுரையில் அம்மம்மாமாரையும் எழுதுங்கள்.

அக்கரைப்பற்று ஆசிரியர்:
இவ சொல்வது லங்காஷயருக்கும் பொருந்தும். அங்கேயும் பாட்டியிடம் விட்டார்கள், இல்லாவிட்டால் அயல் வீட்டுப் பெண்ணுக்குக் காசு கொடுத்து விட்டார்கள்.

களுவாஞ்சிகுடி மாணவி:
சேர், அப்போ பெரியம்மா கதையும் விளங்குகிறது. அருவி வெட்டு வருசத்தில் சில கிழமைதான், கைக்குழந்தையை வரம்பில் மர நிழலில் படுக்க வைத்துவிட்டு வெட்டுவாவாம். ராத்தா, உம்மாவின் தறி இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒரு நாள் வந்து பார்க்கலாமா, அந்த மிதியையும் கயிறு கட்டிய இடத்தையும் பார்க்க வேண்டும்.