60 வீட்டுக் குடியிருப்பு: மாடித்தோட்டம், மழைத்தொட்டி, பொதுச் சமையல். ஐந்து நாள் தாக்குப்பிடிக்க எப்படி அமைப்பது?

மாடிக்குழு (கேள்வி)

வணக்கம். நான்கு மாடி, 60 வீடு, சுமார் 200 பேர். மேலே 400 சதுர மீட்டர் கான்கிரீட் தளம் வெறுமனே கிடக்கிறது. கீழே 150 சதுர மீட்டர் முற்றம். வெள்ளமோ புயலோ வந்து ஐந்து நாள் சாலையும் மின்சாரமும் இல்லாமல் போனால் யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். மாடியில் காய்கறித் தோட்டம், மழைத்தொட்டி, முற்றத்தில் பொதுச் சமையலிடம் என்று பேசிவைத்திருக்கிறோம்.

தெரிய வேண்டியவை: தளம் எவ்வளவு எடை தாங்கும்? தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்? தானியம் எவ்வளவு வைப்பது, எப்படிக் கெடாமல் பார்ப்பது? இதைவிடப் பெரிய கேள்வி, இப்படிப்பட்ட ஏற்பாடுகள் இரண்டே ஆண்டில் கைவிடப்படுகின்றனவே, அதைத் தடுக்க வழி உண்டா?

தளப்பொறி

எடைக் கணக்கு முடியும்வரை ஒரு கூடை மண்கூட மேலே ஏற வேண்டாம்.

ஆள் நடமாடும் மாடித்தளத்தைச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை கூடுதல் சுமை தாங்கும்படிதான் வழக்கமாக வடிவமைக்கிறார்கள். நனைந்த தோட்ட மண் கன மீட்டருக்கு 1,800 கிலோ அளவில் இருக்கும். 30 செ.மீ. நிரப்பினால் சதுர மீட்டருக்கு 540 கிலோ வந்துவிடும். தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம், பெர்லைட் (பொரித்த எரிமலைப் பாறைத் துகள்) சேர்ந்த இலகு கலவை நனைந்தபின் கன மீட்டருக்கு 1,000 கிலோ அளவில் நிற்கும். அதில் 20 செ.மீ. என்றால் 200 கிலோ. அதுவே எல்லைதான். காய்ந்த கலவையின் எடையை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு மழைக்காலத்தில் விரிசல் பார்ப்பவர்கள் ஏராளம். எப்போதும் நனைந்த எடையை எடுங்கள், மேலே நிற்கப்போகும் ஆட்களின் எடையையும் சேருங்கள்.

ஆகவே முழுத் தளத்தையும் மூடாதீர்கள். விட்டங்களும் சுமைதாங்கும் சுவர்களும் எங்கே ஓடுகின்றன என்று வரைபடத்தில் பார்த்து, அந்தக் கோட்டின் மேலேயே 80 செ.மீ. அகலப் பாத்திகளாகப் போடுங்கள். கீரைக்கு 15 முதல் 20 செ.மீ. ஆழம் போதும். தக்காளி, கத்தரிக்கு 30 செ.மீ. தேவை, அவற்றைத் தூண் தலைப்புக்கு மேல் தொட்டிகளில் வையுங்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வரைபடத்தையும் தளத்தையும் நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும்.

அடுத்தது கசிவு. தளத்தின் மேல் நீர்த்தடுப்புப் படலம், அதன் மேல் வேர்த்தடுப்பு, பிறகு 2 முதல் 4 செ.மீ. வடிகால் அடுக்கு, வடிதுணி, கடைசியில் கலவை. மண் போடும் முன் வடிகால் வாய்களை அடைத்து 5 செ.மீ. தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டு, கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். பாத்தியைத் தளத்தில் ஒட்டாமல் 10 செ.மீ. கால் மேல் நிறுத்தினால், பின்னாளில் கசிவு எங்கே என்று தேட முழுத் தோட்டத்தையும் பெயர்க்க வேண்டியிருக்காது. அப்போது சுமை கால் வழியாகப் புள்ளியில் இறங்கும் என்பதால் காலடியில் அகலத் தகடு வைக்க மறக்காதீர்கள்.

வடிகால் வாயைச் சுற்றி 30 செ.மீ. வெற்றிடமும் வலைப்பெட்டியும் வேண்டும். இலையும் வேரும் அடைத்துக்கொண்டால் கைப்பிடிச் சுவருக்குள் மாடியே குளமாகிவிடும்: 20 செ.மீ. தண்ணீர் நின்றாலே சதுர மீட்டருக்கு 200 கிலோ. அதற்காகக் கைப்பிடிச் சுவரில், தளத்திலிருந்து 5 செ.மீ. உயரத்தில் இரண்டு அவசர வழிவாய்கள் வையுங்கள். மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீர்க்கணக்கு

தொட்டி பற்றி. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். கான்கிரீட்டில் அதில் சுமார் 80 விழுக்காடு கைக்கு வரும். பாத்திகளுக்கு 120 சதுர மீட்டர் ஒதுக்கினால் மீதி 280. ஒரு 20 மி.மீ. மழைக்கு 280 × 20 × 0.8 = 4,480 லிட்டர்.

தேவை எவ்வளவு? பேரிடர்க் கால உதவியில் பின்பற்றப்படும் ஸ்பியர் தரநிலை, ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. அதில் குடிக்க 2.5 முதல் 3 லிட்டர். 200 பேருக்கு ஐந்து நாள் குடிநீர் 3,000 லிட்டர், மொத்தத் தேவை 15,000. சமையல், கழுவல், குளியல் எல்லாம் அந்த மொத்தத்துக்குள் வரும். ஒரே பெரிய தொட்டியைவிட 5,000 லிட்டரில் மூன்று நல்லது. ஒன்றைக் கழுவும்போது மற்றவை நிரம்பியிருக்கும். நிரம்பிய தொட்டி ஒவ்வொன்றும் ஐந்து டன். மாடியில் வைக்கும் எண்ணமே வேண்டாம். தரையில், உறுதியான மேடை மேல், பட்டியால் கட்டி வையுங்கள். வெள்ளத்தில் காலித் தொட்டி மிதந்து குழாயைப் பிய்த்துக்கொண்டு போகும்.

முதல் மழையைக் கழிக்கும் குழாய் சதுர மீட்டருக்கு 1 லிட்டர் கணக்கில் 280 லிட்டர் பிடிக்க வேண்டும். அதன் அடியில் சொட்டுத் துளை இல்லாவிட்டால் அடுத்த மழைக்குள் காலியாகாது. அழுக்கு நேராகத் தொட்டிக்குப் போகும். பாத்தியிலிருந்து வடியும் நீரைக் குடிநீர்த் தொட்டியில் விடாதீர்கள், அதில் உரச்சத்து கரைந்திருக்கும். அதற்குத் தனிக் குழாய், தனிப் பீப்பாய்; செடிக்கே திருப்பி ஊற்றுங்கள். தார் பூச்சு உள்ள தளமென்றால் அந்த நீர் குடிக்க ஆகாது.

குடிப்பதற்கு முன் கொதிக்கவிடுங்கள். எரிபொருள் இல்லையென்றால் மணமில்லாத 5 முதல் 6 விழுக்காடு திரவ பிளீச்சில் லிட்டருக்கு 2 சொட்டு, கலக்கி 30 நிமிடம் பொறுங்கள். கலங்கல் நீரைத் துணியில் வடிகட்டிவிட்டு இரட்டிப்பாக இடுங்கள்.

அகப்பை

எல்லாம் சரி. ஆனால் தோட்டம் ஐந்து நாள் சோறு போடும் என்று நினைத்தால் அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். 120 சதுர மீட்டரில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 5 கிலோ எடுத்தால் 600 கிலோ. ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் காய், பழம் என்ற உலகச் சுகாதார நிறுவனப் பரிந்துரைப்படி 200 பேருக்கு அது ஏழரை நாள் வரத்து. வயிற்றை நிரப்பும் கணக்கில் பார்த்தால் இன்னும் குறைவு: காய்கறி கிலோவுக்கு 250 கலோரி என்று வைத்தால் ஆண்டு முழுதும் விளைந்தது 200 பேருக்கு அரை நாளுக்குக்கூட வராது. கியூபாவின் தலைநகர் ஹவானாவில் 1990களின் நெருக்கடியில் வரப்புச் சுவர் கட்டிய மேட்டுப்பாத்தித் தோட்டங்கள் நகரத்துக்குக் காய்கறி தந்தன. தானியத்துக்கோ அந்த நாடு இறக்குமதியைத்தான் நம்பியிருந்தது.

ஐந்து நாளைத் தாங்குவது இருப்புத் தானியம். ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் தானியம், 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், 5 கிராம் உப்பு வைத்தால் 1,800 கலோரி வரும். மீதியை வீடுகளில் இருப்பது ஈடுகட்டும். உங்கள் கணக்கில் தானியம் 400 கிலோ, பருப்பு 60, எண்ணெய் 25, உப்பு 5. 60 லிட்டர் டிரம் ஒன்றில் 45 கிலோ தானியம் பிடிக்கும். ஒன்பது டிரம் போதும். முதல் மாடிக்குக் கீழே வைக்காதீர்கள்.

பூச்சியும் பூஞ்சையும் ஈரத்தில்தான் தொடங்கும். தானிய ஈரம் 13 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். கருவி இல்லாமல் பார்க்க ஒரு வழி: நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியம், ஒரு கரண்டி வறுத்து ஆறிய பொடியுப்பு. மூடி ஒரு நிமிடம் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு புட்டிச் சுவரில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல். திரும்ப வெயிலில் காயப்போடுங்கள். ஒட்டாமல் அடியில் உதிர்ந்தால் கட்டிவைக்கலாம் என்றாலும், இன்னொரு வெயில் கொடுத்துவிட்டுக் கட்டுவது பாதுகாப்பு. டிரம்மை விளிம்புவரை நிரப்பிக் காற்றுப் புகாமல் மூடுங்கள். உள்ளே அகப்பட்ட பூச்சி அங்கிருக்கும் உயிர்க்காற்றை (ஆக்சிஜனை) தீர்த்துவிட்டுச் சாகும். பாதி டிரம்மில் அது நடக்காது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. இருப்பு கெடுவது கவனக்குறைவால் என்று சொல்வார்கள். எனக்கு அது சரியான விளக்கமாகப் படவில்லை. யாரும் சாப்பிடாத இருப்பை எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் ஒருநாள் கெடும். வாரம் ஒரு பொதுச் சாப்பாடு வையுங்கள். ஆளுக்கு 100 கிராம் தானியம், 200 பேர் வந்தால் வாரத்துக்கு 20 கிலோ. 400 கிலோ 20 வாரத்தில் முழுதாகச் சுழன்று புதிதாகிவிடும். 60 பேர்தான் வருகிறார்கள் என்றால் வாரம் 6 கிலோ. அதே இருப்பு சுழல சுமார் 67 வாரம் ஆகும், அதற்குள் அந்து வந்துவிடும். அப்படியானால் பொது இருப்பை 120 கிலோவாகக் குறைத்து, மீதியை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுங்கள். வாரச் செலவு பெருக்கல் இருபது. பொது இருப்பு அதைத் தாண்ட வேண்டாம். ஜப்பானில் வீடுகளுக்குச் சொல்லப்படுவதும் இதே முறைதான்: பேரிடர் உணவைத் தனியாகப் பூட்டாமல் அன்றாடம் எடுத்து உண்டு, எடுத்ததை நிரப்பி வைப்பது.

மாடிக்குழு

நன்றி. வாரச் சாப்பாட்டுக்கு 80 பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்கிறேன், அப்படியானால் 160 கிலோ. முற்றத்துச் சமையலிடத்தை எப்படிக் கட்டுவது? கூரை போட்ட தனிக் கட்டடம் என்கிறார்கள் சிலர்.

முற்றவடிவு

தனிக் கட்டடம் கட்டினால் பூட்டு வரும். பூட்டு வந்தால் சாவி தொலையும். பெஞ்சுகள் போடப்போகிறீர்கள் அல்லவா, அவற்றையே அடுப்பாக்குங்கள். டோக்கியோவின் பேரிடர்ப் பூங்காக்களில் இப்படித்தான்: மேற்பலகையைத் தூக்கினால் உள்ளே அடுப்பு. மற்ற நாளெல்லாம் அது உட்காரும் பெஞ்சு.

உயரம் 42 செ.மீ., உள்ளே தீச்செங்கல் பூச்சு, தரையிலிருந்து 10 செ.மீ. மேலே இரும்புத் தட்டி, அதன் கீழ் காற்று வாய். 50 செ.மீ. அகலப் பாத்திரம் உட்காரும்படி மூன்று இரும்புத் தாங்கிகள். அடியில் வடிகால் துளை கட்டாயம். மழைநீர் தேங்கினால் செங்கல் நொறுங்கும். பலகையை இரண்டு பேர் தூக்க முடிய வேண்டும், திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். வழக்கமாகக் கோளாறு வருவது இங்கேதான்: ஐந்தாண்டு திறக்காத ஆணி இறுகிப்போயிருக்கும், தட்டி எங்கே என்று யாருக்கும் தெரியாது. வாரச் சாப்பாட்டை இந்த அடுப்பிலேயே வையுங்கள், இரண்டும் தீர்ந்தது. சுவரிலிருந்தும் மரத்திலிருந்தும் 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். கீழ்த்தள வாகன நிறுத்தம் போன்ற அடைந்த இடங்களில் ஒருபோதும் விறகு, கரி எரிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும்.

ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. நீங்கள் அஞ்சுவது வெள்ளத்துக்கு. வெள்ளத்தில் முற்றம் மூழ்கும், அடுப்பும் மூழ்கும். மாடிப்படித் தலைப்பில் காற்றோட்டமுள்ள இடத்தில் எரிவாயு அடுப்பு இரண்டுக்கு இடம் விட்டுவையுங்கள். மாடித்தளத்தில் நேரடியாகத் தீ மூட்டினால் நீர்த்தடுப்புப் படலம் பாழாகும். தொட்டிக் குழாயின் வாயையும் வெள்ள மட்டத்துக்கு மேல் ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டாக வையுங்கள்.

முற்றத்தையே 30 செ.மீ. பள்ளமாக்கினால் 45 கன மீட்டர் மழை அதில் நிற்கும், வீட்டுக்குள் வராது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2013இல் திறந்த பெந்தெம்ப்ளைன் சதுக்கம் அந்த வகை: காய்ந்த நாளில் விளையாட்டுத் திடல், பெருமழையில் சுமார் 17 லட்சம் லிட்டர் பிடிக்கும் குளம். அடுப்புப் பெஞ்சுகளை அந்தப் பள்ளத்துக்கு வெளியே, உயர்ந்த விளிம்பில் கட்டுங்கள்.

விதைக்கூடை

அகப்பை சொன்ன கலோரிக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுத் தோட்டத்தைக் கைவிட்டால் பெரிய இழப்பு. காய்ந்த தானியமும் பருப்பும் மட்டும் ஐந்து நாள் உண்பது முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கடினம். அறுத்த கீரை ஒரு கட்டு எல்லாத் தட்டிலும் விழ வேண்டும். வாரம் ஒரு பாத்தி விதைத்தால், 25 முதல் 30 நாளில் அறுப்பு வருவதால், எந்த நாளில் சாலை அறுந்தாலும் ஒரு பாத்தி தயாராக நிற்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் முற்றியதை அறுத்துவிடுங்கள், தொட்டிகளை இறக்கிக் கட்டுங்கள். காற்றில் பறக்கும் தொட்டி ஆளைக் கொல்லும்.

இருப்பில் உள்ள முழுப் பயறை முளைகட்டினால் மூன்று நாளில் பச்சை கிடைக்கும், மண்ணே வேண்டாம். நாளுக்கு இரண்டு முறை நல்ல நீரில் அலசுங்கள். நெருக்கடியில் பச்சையாக உண்ணாமல் வேகவைத்தே கொடுங்கள்.

விதையை வாங்கிக்கொண்டே இருந்தால் கடை மூடிய அன்று தோட்டமும் மூடும். அவரை, தக்காளி போன்ற தன்மகரந்தச் செடிகளில் (தன் பூந்தூளாலேயே காய்ப்பவை) தொடங்குங்கள். தக்காளி விதையைச் சாற்றோடு இரண்டு நாள் நொதிக்கவிட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பூசணி இனங்கள் அக்கம்பக்கத்துப் பூவோடு கலந்துவிடும், கைமகரந்தம் செய்து பூவைக் கட்டினால் ஒழிய விதை எடுக்க வேண்டாம். வீரிய ஒட்டு ரக விதை அடுத்த தலைமுறையில் அப்படியே வராது. விதை ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது நெடுநாள் பயன்படும் விதி. ஒவ்வொரு ரகத்தையும் வெவ்வேறு மாடியில் மூன்று வீடுகளில் பிரித்து வையுங்கள்.

எழுதிவைத்த பொறுப்புப் பட்டியலைவிட ஏற்கெனவே மக்கள் கூடும் நாட்கள் வலுவானவை. சாப்பாட்டு நாளிலேயே உரக்குழி கிளறல், வடிகால் வலைப்பெட்டி துடைத்தல், தொட்டி மட்டம் பார்த்தல் எல்லாம் நடக்கட்டும். 1995 சிகாகோ வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அருகருகே இருந்த, வறுமையும் தனித்த முதியோர் தொகையும் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்த இரண்டு பகுதிகளில் சாவு எண்ணிக்கை பெரிதும் வேறுபட்டது. கடைத்தெருவும் ஆள் நடமாட்டமும் உள்ள பகுதியில் குறைவு. சாப்பாட்டுக்கு வராதவர் யார் என்று வாராவாரம் ஒருவர் கதவைத் தட்டிப் பார்ப்பது அதனால் முக்கியம். அந்தப் பெயர்ப் பட்டியலில் மருந்து, உணவு ஒவ்வாமை, படியேற முடியாதவர் ஆகியவற்றையும் குறியுங்கள்.

மாடிக்குழு

உரக்குழியை எங்கே வைப்பது? நாற்றம் என்றுதான் முதல் எதிர்ப்பு வரும்.

விதைக்கூடை

முற்றத்தின் உயர்ந்த மூலையில், ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரத்தில் இரண்டு கூண்டு. அதைவிடச் சிறிதானால் சூடேறாது. ஒரு வாளி சமையல் கழிவுக்கு இரண்டு முதல் மூன்று வாளி காய்ந்த இலை. நாற்றம் வருவது பெரும்பாலும் காய்ந்த இலை தீர்ந்துபோன மாதத்தில். ஆகவே இலை உதிரும் பருவத்திலேயே கோணிகளில் சேர்த்துவையுங்கள், கழிவு வாளிக்குப் பக்கத்தில் இலைக் கோணி இல்லாமல் கூண்டைத் திறக்காதீர்கள். மூக்கை எரிக்கும் நெடி வந்தால் இலை போதவில்லை. அழுகல் முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லை, கிளறுங்கள். கையில் அழுத்தினால் ஓரிரு சொட்டு வர வேண்டும், அதற்கு மேல் வந்தால் ஈரம் அதிகம், கூண்டின் மூடி மழையில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். நடுவில் 55 டிகிரிக்கு மேல் சில நாள் இருந்தால் களை விதை, கிருமி பெரும்பாலும் போய்விடும். இரண்டாம் கூண்டில் மூன்று மாதம் ஆறவிட்ட பிறகே பாத்திக்கு ஏற்றுங்கள். மேலே ஏற்றும் ஒவ்வொரு மூட்டையையும் எடைபோட்டுத் தளப்பொறி சொன்ன கணக்கில் சேருங்கள். உரம் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும், தளத்தின் தாங்குதிறன் கூடாது.