புதுநன்மைக்குப் பெயர் எழுதிய தட்டு கொடுக்கலாமா?

புக்கிட் பாத்தோக் அத்தை:
என் அண்ணன் மகள் அடுத்த மாதம் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல்முறையாக நற்கருணை, வாங்குகிறாள். நான்தான் ஞானத்தாய். ஜெபமாலை, ஜெபப்புத்தகமெல்லாம் மற்றவர்கள் கொடுத்துவிடுவார்கள். நான் ஒரு பீங்கான் தட்டு பார்த்து வைத்திருக்கிறேன். நடுவில் இரசக் கிண்ணமும் அப்பமும், சுற்றிலும் கோதுமைக் கதிரும் திராட்சையும், விளிம்பில் பொன் கோடு. பெயரும் தேதியும் எழுதித் தருவார்களாம். ஆனால் அண்ணன் வீடு சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய நாலறை அடுக்குமாடி வீடு, ஷோகேஸ் கிடையாது. பெட்டிக்குள்ளேயே கிடந்துவிடுமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

பழைய ஓஃபிர் ரோடு:
தங்கச்சி, புழங்குகிற பொருளாகக் கொடுங்கள். 1981இல் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் நான் புதுநன்மை வாங்கியபோது பாட்டி ஒரு வெள்ளி டம்ளர் கொடுத்தார். அடியில் என் பெயரும் தேதியும் வெட்டியிருந்தது. பூசை முடிந்து வந்ததும் அதில்தான் பால் ஆற்றிக் கொடுத்தார். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது நன்மை வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பூசைக்குப் போக வேண்டும். 1953இல்தான் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு அனுமதி கொடுத்தார். 1964இல் அது ஒரு மணி நேர உபவாசமாகக் குறைந்தது. அதனால் புதுநன்மை அன்று காலைப் பசியாறல் பாட்டிக்குத் திருநாள் விருந்து மாதிரி. நான் இன்றும் அந்த டம்ளரில்தான் காப்பி குடிக்கிறேன்.

தேக்கா மருமகள்:
தட்டுதான் என்றால் பொன் கோடு போட்டதை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது, பொறி பறக்கும். பூச்சுக்கு மேல் ஒட்டிய படமும் நாரால் தேய்க்கத் தேய்க்க மங்கிவிடும். பியூட்டர் கோப்பை பெரும்பாலும் வெள்ளீயம், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், உருகிவிடும். வெள்ளி கறுக்கும்தான், ஆனால் தினமும் எடுத்துப் புழங்கினால் அவ்வளவாகக் கறுக்காது. எங்கள் வீட்டில் திருநீறு போட்டுத் தேய்ப்போம், பளிச்சென்று ஆகிவிடும்.

புக்கிட் பாத்தோக் அத்தை:
அண்ணா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. சரி, டம்ளர்தான். சனிக்கிழமை அதை வாங்கத் தேக்கா கடைத்தெருவுக்குப் போகிறேன். அன்றைக்குப் பாலும் நானே ஆற்றிக் கொடுக்கப்போகிறேன். பெயரை அடியிலேயே வெட்டச் சொல்லட்டுமா?

பழைய ஓஃபிர் ரோடு:
அடியில் வேண்டாம். வெளிப்பக்கம், வாய் படும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வெட்டச் சொல்லுங்கள். மேசையில் உரசி உரசி என்னுடையதில் தேதி தேய்ந்துவிட்டது. பெயரில் முதல் இரண்டு எழுத்துதான் மிச்சம்.